வாளி அண்ணையின் தேரை ஜெர்மன்

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் என்பார்கள். கல்லை விட்டு வெளியே வந்து, தார்ச் சாலையைக் கடக்கத் தெரியாமல் முழிக்கிற தேரைகளை மட்டும் அவன் வாளி அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டான் என்பது என்னுடைய தீர்மானமான கருத்து. தேரையிடம் 'வாங்கோ, போங்கோ' என்று மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். என்னைப் போன்ற மனிதப் பிறவிகளுக்கு அந்த மரியாதை எப்போதாவதுதான் கிடைத்தது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், ஜெர்மனியில் ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில், காடும் குளமுமாக இருந்த ஒரு சின்ன ஊருக்கு என் கம்பெனி என்னை அனுப்பிவைத்தது. நான் கும்பகோணத்துக்காரன். ஊரில் எல்லாரும் 'அண்ணே'தான். அங்கே போனபின் ஈழத்துக்காரர்களைப் பார்த்து, மற்றவர்களிடம் வாளி அண்ணையைப் பற்றிப் பேசும்போது 'அண்ணை' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இரண்டாவது மாடியில் என் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு சுவர் இருந்தது, ஆனால் அது பேருக்குத்தான். அவர் தும்மினால் நான் 'நூறாயுசு' சொல்லுவேன்.

அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தபால் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ஞானஸ்நானப் பெயரும் அப்பா பெயருமாகச் சேர்ந்து எழுதப்போய், பாதிப் பெயர் சீட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது. சைக்கிளின் இரண்டு கைப்பிடியிலும் இரண்டு வாளி தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வாளியோடுதான் போவார். மழை வந்தால் கோயிலிலிருந்து நேரே காட்டுக்குப் போகலாமே என்று விளக்கம் சொல்லுவார். தமிழர்கள் வைத்த பெயர் வாளி அண்ணை. ஜெர்மன்காரர்கள் அதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்து மரியாதையாக 'ஹெர் வாளி' என்று கை கொடுப்பார்கள். அவரும் மறுத்ததில்லை.

அவருக்குத் தேரைச் சகவாசம் ஏற்பட்ட கதையை அவர் வாயாலேயே பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். ஒரு மார்ச் மாத விடிகாலையில், மாவு பிசைய உணவகத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். தூறல். காட்டுச் சாலையில் நாலைந்து ஜெர்மன்காரர்கள் பளபளக்கிற மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சாலை ஓரமாக மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். எதையோ தொலைத்துவிட்டார்கள், பாவம், என்று அண்ணை முடிவு கட்டினார். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். அந்தோனியாரின் பக்தன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியுமா?

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரும் தேடத் தொடங்கினார். என்ன தொலைந்தது என்று கேட்க அவரிடம் ஜெர்மன் இல்லை. கார்ச் சாவியாகத்தான் இருக்கும் என்று அவராக வைத்துக்கொண்டார். இலைகளைக் கிளறினால் அங்கே ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. இன்னொரு இடத்தில் கிளறினால் அங்கேயும் ஒன்று. தேடவிடாமல் இடைஞ்சல் பண்ணுகின்றனவே என்று இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் சாலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து, மறுபடி சாவி தேடினார். அரை மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் அந்தக் கூட்டத்தின் தலைவி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஹில்டே, ஓடி வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணை வெட்கத்தோடு, 'இன்னும் கிடைக்கவில்லை' என்று கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் வாளிகளைக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

"தேடினது தேரையைத்தானாம், தம்பி. அந்தோனியார் என்னை ஏமாத்தேல்லை," என்பார்.

அந்த வேலை இதுதான். குளிர்காலம் முழுக்கக் காட்டு மண்ணுக்குள் கிடந்த தேரைகள், முதல் இளஞ்சூட்டு மழை பெய்ததும் எழுந்து, தாங்கள் பிறந்த குளத்துக்கே முட்டையிடப் போகும். நடுவில் சாலை. அப்படியே விட்டால் கார்ச் சக்கரத்தில் நசுங்கிப்போகும். அதனால் காட்டுப் பக்கமாக முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் வேலி கட்டி, வேலியை ஒட்டி மண்ணுக்குள் வாளிகளைப் புதைத்து வைப்பார்கள். வேலியோரமாக நடந்து வருகிற தேரைகள் வாளிக்குள் விழும். விடிந்ததும் யாராவது போய் அவற்றை எண்ணி, தாளில் எழுதி, சாலையைத் தாண்டிக் குளத்துப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். அந்த யாராவது என்பவர் அதன் பிறகு வருடா வருடம் வாளி அண்ணைதான்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. பெரிய பீட்சாப் பெட்டியின் மூடியில் சிவப்பு மையால் 'நில்' என்று ஜெர்மனில் எழுதி வைத்திருந்தார். தேரையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது அதை ஒரு கையில் உயர்த்திப் பிடிப்பார். போலீஸ்காரர் காட்டினாலும் ஒருவேளை நிற்காமல் போவார்களோ என்னவோ, பீட்சாப் பெட்டியைப் பார்த்து எல்லா வண்டியும் நின்றது. ஒருநாள் அவருடைய உணவக முதலாளியின் காரையே நிறுத்திவிட்டார். பதினேழு தேரையும் கடந்து முடிக்கும்வரை முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்து, அதன் பிறகு உணவகத்துக்கு வந்து, நீ ஏன் லேட் என்று அண்ணையைக் கேட்டாராம். நீங்களும் என்னோடு அங்கேதானே நின்றீர்கள் என்று இவர் சொன்னாராம்.

என்னையும் கூப்பிட்டார். தவளை, தேரை, பல்லி மூன்றும் எனக்கு ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மொழிபெயர்ப்புக்கு மட்டும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார். ஹில்டே டீச்சரோடு ஒரு வழக்கு. தேரைகளில் பெண் பெரிது, ஆண் சிறிது. வழியிலேயே பெண்ணைக் கண்ட ஆண், அதன் முதுகில் ஏறிக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குளம் வரைக்கும் இறங்காது. டீச்சர் வைத்திருந்த தாளில் ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். சோடியாக வந்தால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று எழுதச் சொன்னார். அண்ணை மாட்டேன் என்றார்.

"தம்பி, நீர் டீச்சருக்கு வடிவாச் சொல்லும். இது ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இல்லை. இது ஒரு குடும்பம். குடும்பத்தைப் பிரிச்சு எழுத ஏலாது."

நான் சொன்னேன். தாள் அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறது, அங்கே குடும்பம் என்று கட்டம் கிடையாது என்று டீச்சர் சொன்னார். மறுநாள் அண்ணை அடிக்கோல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்றைத் தானே கோடு போட்டுச் சேர்த்தார். டீச்சர் அதை அடித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். அண்ணை அதிலும் கோடு போட்டார். மூன்று வாரம் இப்படி இழுபறியாக நடந்தது. ஜெர்மன் ஆசிரியை ஒருவர் தோற்றதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். நாலாவது வாரம் தாளே மூன்று கட்டத்தோடு அச்சாகி வந்தது.

சோடிகளுக்காக அவர் இப்படி வரிந்து கட்டியதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம்தான், நாற்பத்திரண்டாவது வயதில், திருச்சிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்திருந்தார். பெண் ஜெசிந்தா. அவரும் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து திருச்சியில் தங்கியிருந்த குடும்பம்தான். பன்னிரண்டு நாள் சேர்ந்து இருந்தார்கள். லீவு முடிந்து அண்ணை திரும்பி வந்து, மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ள அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார். அலுவலகத்தில் டெர்மின் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்து, உட்காரவைத்து, புதுச் சட்டம் வந்திருக்கிறது என்றார்கள். மனைவி அங்கேயே ஜெர்மன் படித்து, ஆரம்பப் பரீட்சையில் தேறினால்தான் விசா. தேறாவிட்டால் தேறும்வரை அங்கேதான்.

இனி நடந்ததைச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். அண்ணை ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருடமாகியிருந்தாலும், வேலை செய்தது ஒரு இத்தாலிய உணவகத்தின் அடுப்படியில். மாவு, உப்பு, அடுப்பு எல்லாம் அவருக்கு இத்தாலிய மொழியில் தெரியும். கூட வேலை செய்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆக, அவரிடம் இருந்த கொஞ்ச நஞ்ச ஜெர்மன் முழுவதும் வேலியோரத்தில் ஹில்டே டீச்சரிடம் பொறுக்கியது.

மனிசிக்கு நானே படிப்பிக்கிறன் என்று அவர் கிளம்பியதும், அந்த ஜெர்மன்தான் தொலைபேசி வழியாகத் திருச்சிக்கு ஏற்றுமதியானது. காலை ஏழு மணிக்கு வாளி வேலை முடிந்து வந்து, போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுக் கத்தத் தொடங்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் போர்வைக்குள். வாளி, வேலி, ஈரம், ஆண், பெண், மெதுவாகப் போ என்று பாடம் போகும். பிறகு எண்கள். நேற்று நாற்பத்தேழு தேரை, இன்றைக்கு முப்பத்தெட்டு, கூட்டிச் சொல்லும் என்பார். அந்த அம்மாள் அங்கிருந்து ஜெர்மனில் கூட்டிச் சொல்லவேண்டும். ஒரு பெண் தன் புருஷனிடம் வந்து சேர்வதற்கு இப்படி ஒரு பாடத்திட்டமா?

நான் முறையாக ஜெர்மன் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அந்தக் கொழுப்பு வேறு இருந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"அண்ணே, எக்ஸாம்ல யாரும் தேரையைப் பத்திக் கேக்க மாட்டாங்க. உங்க ஹாபி என்னன்னு கேப்பாங்க. நான் ஒரு பக்கம் எழுதித் தர்றேன். அக்காவை அப்படியே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க. பாஸ் கேரண்டி."

எல்.கே.ஜி.யிலிருந்து எஞ்சினியரிங் வரைக்கும் நான் அப்படித்தான் பாஸ் பண்ணியிருந்தேன், வேறு வழி இருப்பதாகவே எனக்குத் தெரியாது. என் பெயர் இது, என் ஊர் இது, புத்தகம் வாசிப்பதும் இசை கேட்பதும் எனக்குப் பிடிக்கும் என்று இலக்கணப் பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். தேரை சீசனும் முடிந்திருந்தது. ஜெசிந்தா அக்கா அந்தப் பக்கத்தைக் காற்புள்ளி உட்பட உருப்போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனார்.

பரீட்சை அறையில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாராம். அசந்துபோன தேர்வாளர், வாசிக்கப் பிடிக்கும் என்றீர்களே, கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அது நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'என் பெயர் ஜெசிந்தா' என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த கேள்விக்கும் 'என் பெயர் ஜெசிந்தா'தான். ஃபெயில்.

செய்தி வந்த அன்று அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் ஒரு பீட்சா. எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார்.

"பறவாயில்லை தம்பி. நீர் நல்லாத்தான் எழுதினீர். அவளுக்குத்தான் வாசிக்கிற பழக்கமில்லை."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த பரீட்சைக்குக் குறைந்தது அரை வருடம், அதன் பிறகு விசாவுக்கு எத்தனை மாதமோ. உணவகத்தில் யாரோ ஒருவர், இந்த வயதில் உனக்கு இந்தக் கண்டறியாத கல்யாணம் தேவையா என்று கேட்டிருக்கிறார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் பேசினாலும் மெல்லமாகப் பேசி வைத்துவிடுவார். நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கவேண்டும், ஆனால் தினமும் ஏழு மணிக்கு முழிப்பு வந்து, காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

மார்ச் மாதம் முதல் மழை பெய்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுவர் அதிர்ந்தது. நேற்று ஒன்றுமில்லை, இன்றைக்கு இருபத்தொன்று என்று ஜெர்மனில் ஒரு கத்தல். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று கும்பேசுவரர் மேல் ஆணையாக முடிவு செய்தேன்.

ஆனால் பாடம் முன்னைப்போல் இல்லை. இப்போது அக்கா அங்கிருந்து கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். கால் மணி நேரம் தமிழ் பேசக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். லைன் சரியில்லாததால் அண்ணை ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார், அதனால் எனக்கும் எல்லாம் கேட்கும். ஆண் ஏன் நடக்கவில்லை? பெண்ணுக்குப் பாரமாக இருக்காதா? கார்க்காரர்கள் ஏன் அவ்வளவு வேகமாகப் போகிறார்கள்? உங்கள் கை விறைக்கவில்லையா? சாப்பிட்டீர்களா? பதிலுக்கு அண்ணையிடம் வார்த்தை இருக்காது. மறுநாள் விடிகாலை வேலியோரத்தில் ஹில்டே டீச்சரைக் கேட்டு, வாங்கிக்கொண்டு வந்து ஏழு மணிக்குச் சொல்லுவார். பன்னிரண்டு நாள் மட்டும் சேர்ந்து இருந்த இரண்டு பேர், தேரையைச் சாக்கிட்டு ஒருவரையொருவர் தெரிந்துகொண்டிருந்தார்கள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மே மாதம் இரண்டாவது பரீட்சை. அன்றைக்கு அண்ணை மாவில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டுப் பிசைந்துவிட்டார். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வந்து என் வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தபோது எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினார். நானும் பயந்து திருப்பி நீட்டினேன். கடைசியில் அவரே எடுத்தார்.

நடந்தது இதுதான். தேர்வாளர் தொலைபேசி எண்ணைக் கேட்டபோது அக்கா யோசிக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டு பருவத் தேரைகளைக் கூட்டிப் பழகியவருக்கு அதெல்லாம் தூசு. அடுத்து, சீட்டில் ஒரு படத்தைக் காட்டுவார்கள், அதை வைத்து ஒரு வேண்டுகோள் சொல்லவேண்டும். அக்காவுக்கு வந்தது கார்ப் படம். மற்றவர்களாக இருந்தால், என்னை ஸ்டேஷனில் விடமுடியுமா என்று கேட்டிருப்பார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, 'தயவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள், ரோட்டில் குடும்பங்கள் போகின்றன' என்று சொன்னார்.

என்ன குடும்பங்கள் என்று தேர்வாளர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. வேலி, வாளி, மழை, பெரிய பெண், அதன் முதுகில் சின்ன ஆண், பிரிக்கக் கூடாது, அப்படியே தூக்கவேண்டும், என் கணவர் தினமும் தூக்குகிறார், அவருக்குக் கை விறைக்கிறது, நான் அங்கே இல்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். கேள்வி கேட்க வேண்டிய தேர்வாளர்கள் இரண்டு பேரும் கேள்வியை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று அவர்களாகத்தான் நிறுத்த வேண்டியிருந்ததாம். நல்லாச் செய்திருக்கிறன் என்று அக்கா சொன்னார். சில வாரம் கழித்துப் பாஸ் என்று காகிதமும் வந்தது.

விசா அலுவல் முடியக் குளிர்காலமும் போய்விட்டது. ஜெசிந்தா அக்கா டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வந்து இறங்குகிற நாள் குறிக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்ததுபோல், அந்த வருடத்தின் முதல் பெருமழை அதற்கு முந்தின நாள் பெய்தது. அண்ணையிடம் சைக்கிள்தான் உண்டு. டீச்சர் தன் சின்னக் காரில் அவரை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்படியானால் வேலிக்கு யார்? அண்ணை என் வாசலில் மஞ்சள் மேலங்கி, வாளி, மூன்று கட்டத் தாள், பீட்சாப் பெட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்து ஒரு வருடத்தைத் தின்றவன் நான், என்னால் எப்படி முடியாது என்று சொல்லமுடியும்?

"நனைஞ்ச கையாலை தூக்கும் தம்பி. காய்ஞ்ச கை அதுகளின்ரை தோலுக்குக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. முதல் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பதினோரு தேரைகள் என்னை நிமிர்ந்து பார்த்தன. கும்பகோணத்துச் சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு, கையை நனைத்து, கண்ணை மூடி ஒன்றைத் தூக்கினேன். தூக்கினால் கத்துவது ஆண்தான் என்பார்கள், இது 'கீக்' என்று கத்தியது. நானும் கத்தினேன். நாலாவது வாளி வருவதற்குள் என் வாயில் தானாக 'வாங்கோ, வாங்கோ' வந்துவிட்டது. பால் லாரி ஒன்று வந்தது. பெட்டியை உயர்த்தினேன், நின்றது. அறுபத்தொன்று கடந்து முடித்தபோது முழங்கால் வரை சேறாக இருந்தேன், ஆபீஸ் பஸ்ஸும் போயிருந்தது.

எட்டு மணி வாக்கில் போன் அடித்தது. அண்ணையின் நம்பர். நான் ஹலோ சொல்வதற்குள் மூன்று கேள்வி கேட்கிறவர் அவர். அன்று வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அக்கா வந்துவிட்டார்களா என்று கேட்டேன். பிறகு, இரண்டு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் நான் கேட்டிராத ஒரு குரல் பேசியது.

"தம்பி, நான் ஜெசிந்தா. வந்திட்டன். இவர் கதைக்கிறார் இல்லை, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதுகொண்டு நிக்கிறார். டீச்சரும் அழுறா."

அப்புறம் அக்காவே, இன்றைக்கு எத்தனை தேரை என்று ஜெர்மனில் கேட்டார். நானும் ஜெர்மனில் சொன்னேன். அவர் அந்த எண்ணை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நல்லது தம்பி. நாளைக்கு நானும் வாறன்," என்றார்.

அன்று நான் ஆபீஸ் போகவில்லை. டுசல்டோர்ஃபிலிருந்து வருகிற கார் அந்தக் காட்டுச் சாலை வழியாகத்தான் வரவேண்டும். அவர்கள் இரண்டு பேரும் வந்து சேரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.